ஓடும்போது ஒன்று

முதலில் ஒரு சின்னத் திருத்தம், சார். நீங்கள் அதை மைக்செட் என்று சொல்கிறீர்கள். அது மைக்செட் இல்லை. மைக்செட் என்பது மாரியம்மன் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்து, கம்பத்தில் புனல் கட்டி, ஊர்க்காரர்கள் காதைப் பிடித்துத் திருகுவதற்கு. என்னுடையது ஆம்ப்ளிஃபயர். ஸ்டீரியோ. நானே கழற்றிய சாமான்களை வைத்து நானே கட்டியது. உங்கள் கான்ஸ்டபிள் அதைத் தூக்கி வரும்போது வாசல் நிலையில் ஒரு இடி இடித்தார். அப்போதிலிருந்தே எனக்கு மனது சரியில்லை.

மற்றபடி நீங்கள் நல்லவர், மஞ்சுநாத் சார். அப்பாவின் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டீர்கள். நாற்காலி போட்டீர்கள், டீ வரவழைத்தீர்கள். "ஏன்ரீ கங்காதரன், செட்டு சவுண்டு ஜாஸ்தி இருந்துச்சு. அப்பா பக்கத்து மனெல கீழ விழுந்து செவுத்த தட்டினது உங்களுக்கு கேக்கலெ. அஷ்டே தானே? அப்படியே எழுதிடலாம். ஒரு சைன் போட்டுட்டு போங்க" என்று உங்கள் கன்னடத் தமிழில் சொன்னீர்கள். போட்டிருந்தால் இந்நேரம் கோரமண்டல் குடியிருப்பில் என் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். ஆனால் அந்த வாக்கியத்தின் கீழே என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. சவுண்டு ஜாஸ்தி என்று என் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை.

அதை எப்படிக் கட்டினேன் என்று கேளுங்கள். கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

இந்த ஊரில் கழற்றுவது ஒரு குற்றமில்லை. தங்க மைன்ஸை மூடியபோது அரசாங்கம் பூட்டு போட்டது. எங்களிடம் ஸ்பேனர் இருந்தது. செம்புக் கேபிள், தண்டவாளம், பம்பு, துரைமார் பங்களாவின் கை கழுவும் தொட்டி எல்லாம் கால் முளைத்து நடந்தன. கிடைத்தவன் அதை ஸ்கிராப் என்றான். கிடைக்காதவன் திருட்டு என்றான். நான் அப்போது எதையும் தொடவில்லை, சார். பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். இப்போதும் தினம் விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே போய் ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறேன். செத்துப்போன கம்ப்யூட்டர்களைப் பிரித்துப்போடும் ஒரு ஷெட்டில் வேலை. விலை போகாததை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். எனக்கென்று ஒரு நெறி உண்டு. உயிருள்ள பொருளிலிருந்து எதையும் கழற்ற மாட்டேன். செத்ததிலிருந்துதான் எடுப்பேன்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுப் பையில் வந்து சேர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வங்கியின் யு.பி.எஸ்.ஸிலிருந்து. கெப்பாசிட்டர்கள் பழைய சர்வர்களிலிருந்து, தேங்காய் மூடி அளவு ஒவ்வொன்றும். சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடுகள் யாரோ விளையாடிச் சலித்த கம்ப்யூட்டரிலிருந்து. டிரான்சிஸ்டரும் ஸ்பீக்கரும் மட்டும் நம் ஊர் சரக்கு. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் சாமான்கள் ராபர்ட்சன்பேட்டை பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது பிடித்தேன். பெட்டி செய்த பலகை, தேர்தலில் டெபாசிட் இழந்த ஒருவரின் விளம்பரப் பலகை. பெட்டியைத் திறந்தால் உள்பக்கம் அவர் இன்னும் கை கூப்பிக்கொண்டிருப்பார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல பதவி அதுதான்.

கட்டி முடித்துப் போட்டால் பாட்டு வந்தது. கூடவே ஒரு ம்ம்ம் வந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஹம் என்று பெயர். ஒரு பூனை ஸ்பீக்கருக்குள் படுத்துத் தூங்குவது மாதிரி இருக்கும். கையால் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சார். கோயம்புத்தூர், சேலம், துபாய் என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள். நான் ஃபோட்டோ போட்டால் கை தட்டுவார்கள், பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "ஹம் இருக்கா ப்ரோ?" அந்த ஒரு கேள்வியில் என் உழைப்பு முழுக்கத் தரைக்கு வந்துவிடும். ஹம் உள்ள ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவனுக்கு அந்தக் குழுவில் மரியாதை கிடையாது.

இனி அப்பாவுக்கு வருகிறேன்.

எங்களுடையது மைன்ஸ் காலத்து லைன் வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒன்றில் நானும் என் மனைவி ரோஜாவும். அடுத்ததில் அப்பா. அம்மா போன பிறகும் அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். அப்பா வீட்டுக்கு அந்தப் பக்கம் லூயிசா அக்கா, துணி தைப்பவர், உங்களிடம் புகார் கொடுத்தவர்.

அப்பா பெயர் முனியப்பன். நந்திதுர்க் ஷாஃப்டில் கேஜுக்கு பெல் அடிக்கிற வேலை. ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டுதான் கேஜ். அதை ஓட்டுகிறவர் எங்கோ தூரத்தில் என்ஜின் அறையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேஜ் கண்ணில் படாது, பெல்தான் தெரியும். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது, பார்த்து ஓட்டு. ஒன்று அடித்தால் மட்டும் இரண்டு அர்த்தம். கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று என்றால் நிறுத்து. நின்றுகொண்டிருக்கும்போது ஒன்று என்றால் மேலே தூக்கு. எங்கள் ஊரில் அம்மா அப்பா என்று சொல்லப் பழகுவதற்கு அடுத்து இதைத்தான் பழகுவோம். அப்பா தம் காலம் முழுக்க ஒரு பெல்லைத் தப்பாக அடித்ததில்லை. அதை அவரே தினம் ஒரு தடவை சொல்லுவார்.

மைன்ஸ் அவருக்குப் பென்ஷனோடு நெஞ்சு நிறையக் கல்தூசியும் கொடுத்து அனுப்பியது. சிலிகோசிஸ். கடைசிக் காலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு இல்லை. கூப்பிடக் குரல் இல்லை. படுத்தால் மூச்சு முட்டும். யாராவது தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தால் சரியாகிவிடும். அவ்வளவுதான் வைத்தியம், தூக்கி உட்கார வைப்பது.

அதனால் நானே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டனும், என் வீட்டுக்குள் ஒரு காலிங்பெல்லும் வைத்துக் கொடுத்தேன். அவர் பழைய பெல் பாஷையிலேயே அழுத்துவார். சும்மா இருக்கும்போது ஒன்று என்றால் தூக்கி உட்கார வை. கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கட்டிலில் ஒரு தட்டு தட்டினால் போதும், நிறுத்து. இரண்டு என்றால் கீழே சாய்த்துப் படுக்க வை. மூன்று என்றால் கக்கூசுக்கு. "ஆளு ஏர்துடா, பாத்து ஓட்டு" என்று அதற்கு அவரே சிரிப்பார். லைன் முழுக்க வந்து அந்த பெல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பெத்தா இப்படி ஒரு புள்ளைய பெக்கணும். அப்பன் சொல்ல தட்டாத புள்ள" என்றார் லூயிசா அக்கா. அதே வாய்தான் சார், இப்போது உங்களிடம் பேசியதும்.

அந்த ஹம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். எர்த்தை மாற்றினேன், ஒயரை முறுக்கினேன், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். போகவில்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். காலிங்பெல்லின் ஒயர் நடுச்சுவர் வழியாக வந்து என் ஆம்ப்ளிஃபயருக்கு முதுகுப் பக்கம் போகிறது. அந்த பெல்லுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருபத்துநாலு மணி நேரமும் கரண்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் பார்த்தேன். ஹம் பாதியாகக் குறைந்தது. அதே குட்டி டிரான்ஸ்ஃபார்மர், பாட்டை முதலில் வாங்கிக்கொள்ளும் ப்ரீஆம்ப் பகுதிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பொருத்தினேன். ஹம் சுத்தமாகப் போய்விட்டது. குழுவில் போட்டேன். துபாய்க்காரர் மட்டுமே மூன்று பூங்கொத்து அனுப்பினார்.

பெல் உயிரோடுதானே இருந்தது, செத்ததிலிருந்துதான் எடுப்பேன் என்றாயே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன், சார். பிடுங்கிய பிறகு அது செத்த பெல்தானே? செத்ததற்குப் பிறகுதான் கழற்றினேன்.

அப்பா பட்டனை ரெண்டு தரம் அழுத்திப் பார்த்தார், பிறகு கைத்தடியை எடுத்துச் சுவரில் தட்டினார். அதே பாஷை. பெல்லாவது ஒரு கிணுகிணுப்போடு முடியும். இது சுவருக்குள்ளிருந்து வரும்.

அவர் தட்டுவது எப்போதும் நல்ல இடத்தில். இதை நீங்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டும். வாரம் முழுக்க ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தால், நாதஸ்வரக்காரர் மேலே மேலே ஏறி உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்பார். அப்போது டக். போய்த் தூக்கி உட்கார வைத்துவிட்டு வருவேன். மறுபடி முதலிலிருந்து போடுவேன். அதே உச்சிக்கு வரும்போது டக், டக். போய்ச் சாய்த்துவிட்டு வருவேன். வார நாளில் ரோஜா செய்வாள். அவளுக்குப் பாட்டு ஒரு பொருட்டில்லை, அதனால் அவளுக்குக் கஷ்டமும் இல்லை.

ஒருநாள் அப்பாவை என் வீட்டுக்குக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, ஸ்பீக்கருக்கு நேராக உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு முழு ராகம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வயது ஐம்பதுக்குப் பக்கம், ஆனால் பரீட்சை பேப்பரை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றேன்.

"இன்னாடா இது" என்றார், மூச்சு வாங்கி. "ஒரே ஒரு பெல்லு. அத்தினி ஆளும் ஏறி எறங்கனாங்க. இதுல இத்தினி டப்பா வச்சிகினு... ஒரு ஆளு ஏறல, எறங்கல."

நான் கோபப்படவில்லை, சார். எழுதும்போது இதைச் சேர்த்து எழுதுங்கள். நான் கோபப்படுகிற ஆளே இல்லை. தினம் பெல்லைப் பற்றிப் பெருமை பேசிய மனிதர்; அவர் காதுக்கு ஹம் இல்லாதது கூடத் தெரியவில்லையே என்று வருத்தம்தான்.

அதன் பிறகு சுவரில் முட்டை அட்டை ஒட்டினேன். பஜாரில் முட்டைக் கடை வைத்திருக்கும் கங்கம்மா அட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். நடுச்சுவர் முழுக்க, தரையிலிருந்து மேலே ஓடு வரை. ரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது இன்னா வீடா, கோழிப்பண்ணையா?"

"எதிரொலி வராம இருக்கறதுக்கு."

"மாமா தட்னா கேக்குமா?"

"கேக்கும்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். சுவருக்குள் வருகிற தட்டை அது தடுக்காது. இந்தத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நீங்களும் நேற்று வீட்டுக்கு வந்து அந்த அட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள்: இதனால்தான் கேட்கவில்லை, பாவம் என்று. விவரம் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது உதவியாகவே இருக்கிறது, ஆனால் தப்பு தப்புதான்.

பிறகு கட்டில். தவில் அடிக்கும்போது தம் கட்டில் நடுங்குகிறது என்று அப்பா சொன்னார். "ஏர் பிளாஸ்ட்டு மாதிரி கீதுடா." பூமிக்கு அடியில் பாறை வெடித்து மேலே எங்கள் வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் ஆடுமே, அதைத்தான் எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். வயதானவர் பயப்படுகிறாரே என்று கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி, அறைக்கு நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே போட்டேன். காற்றும் நன்றாக வந்தது. லூயிசா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, புள்ள எவ்ளோ பாக்குது பாரு என்றார்.

ரோஜாதான், "இன்னாங்க இது, மாமா கைக்கு செவுரு எட்டலியே. தடி கூட எட்டல" என்றாள்.

"நான்தான் பக்கத்துலயே கீறனே" என்றேன்.

அன்றிலிருந்து அவளே அடிக்கடி போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அவள் இருந்தவரை குறையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டையில் அவள் அக்கா மகள் பவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். ரோஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "மாமாவ பாத்துக்கங்க. பாட்டுல ஒக்காந்துட்டீங்கன்னா ஒலகமே தெரியாது ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். உலகமே தெரியாது என்பது என்னைப் பற்றி அவள் பரப்பி வைத்திருக்கும் வதந்தி. உங்களிடமும் அதைத்தான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள், என்னைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

நான் அப்பாவுக்குக் கறிக்குழம்பில் பிசைந்து சோறு ஊட்டினேன். போதும் என்று கட்டிலில் ஒன்று தட்டினார், நிறுத்தினேன். உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். நாய் நுழையும் என்று வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். எங்கோ ஒரு கோயில் திருவிழாவில் யாரோ பதிவு செய்த கச்சேரி. நாதஸ்வரம் முடிந்து தவில் தனியாக எடுக்கிற இடம்.

இதற்குப் பிறகு நடந்ததாக நீங்கள் எழுதி வைத்திருப்பது லூயிசா அக்கா சொன்னது. அவர் சர்ச்சிலிருந்து ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு மத்தியானம் சாய்ந்து வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா தரையில், என் வீட்டுச் சுவரோரமாக, குப்புறக் கிடந்தார். ஒரு கை சுவரில். அக்கா கத்தினார், பூட்டை இழுத்தார், ஓடி வந்து என் கதவை இரண்டு கையாலும் தட்டினார். நான் திறந்தேன். உள்ளே தவில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒன் செட்டுல கொள்ளி வைக்க. அங்க ஒங்கப்பன் செத்து கெடக்குறாருடா" என்றார். நான் சாவியோடு ஓடினேன். போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குப்புற விழுந்ததில் அந்த நெஞ்சால் மூச்சு இழுக்க முடியவில்லை, யாராவது சமயத்தில் தூக்கி உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். எலும்பு ஒன்றுகூட முறியவில்லை.

தெருவில் எல்லாரும் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிழவனை செட்டு முழுங்கிடுச்சு. சத்தத்தில் பிள்ளைக்குக் கேட்கவில்லை. பாவம், பிள்ளை என்ன செய்வான். என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். நீங்களும் அதையே எழுதுகிறீர்கள்.

இப்போது நான் சொல்வதை எழுதுங்கள். வால்யூம் பாதிக்கும் கீழே இருந்தது. தெருவுக்குக் கேட்டது என்றால் ஜன்னல் திறந்திருந்தது, அதனால். நம்பிக்கை இல்லையென்றால் இங்கேயே ஒரு சோதனை செய்யலாம். செட்டை அந்த மேஜையில் வையுங்கள். கான்ஸ்டபிளை அடுத்த அறையில் நிறுத்தி, ஒரு ஸ்பூனால் சுவரைத் தட்டச் சொல்லுங்கள். மட்டமான செட்டாக இருந்தால் தட்டும் தவிலும் ஒன்றாகக் குழம்பிப் போகும். என்னுடையதில் தவில் தவிலாக வலது பக்கம் நிற்கும். தட்டு தட்டாகத் தனியே நிற்கும். ஹம் இல்லாததால் நடுவில் உள்ள இடமெல்லாம் அவ்வளவு சுத்தம், சார். ஒரு ஊசி விழுந்தாலும் ஒதுங்கி நிற்கும். அதற்காகத்தானே அவ்வளவும் செய்தேன்.

எனக்கு எல்லாமே கேட்டது.

முதலில் கட்டில் சட்டத்தில் தடியால் மூன்று. ஆள் ஏறுகிறது. கட்டிலிலிருந்து தட்டினால் சுவருக்கு வராது என்று நீங்கள் நினைக்கலாம், ஆனாலும் வந்தது. தவில்காரர் அப்போதுதான் சூடு பிடித்திருந்தார். இந்தச் சுற்று முடியட்டும் என்று இருந்தேன். மறுபடி மூன்று. பிறகு கட்டில் முனகியது. சுவரைத் தொடுவதற்காக எழுந்திருக்கிறார் என்று தெரிந்தது. பாதம் தேய்கிற சத்தம், தடி விழுந்து உருளுகிற சத்தம், அப்புறம் அவர். ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலத்தான் கேட்டது, அவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை.

கொஞ்ச நேரம் தவில் மட்டும்.

பிறகு டக் என்று ஒன்று. முன்பெல்லாம் தட்டு என் தோள் உயரத்தில் வரும். இது என் கணுக்கால் உயரத்தில் வந்தது. தடி இல்லை, விரல் முட்டி. என் செட்டில் மரத்துக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியும்.

என் செட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது ஒன்று என்றால் நிறுத்து. அதனால் நிறுத்தினேன். இதை நன்றாகக் கவனியுங்கள், சார், நான் உடனே எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். பெரிய கெப்பாசிட்டர் கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதால் அணைத்த பிறகும் அது கொஞ்சம் பாடிவிட்டுத்தான் அடங்கும். முழுதாக அடங்கும்வரை நின்றேன். அட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா மூச்சை இழுப்பது கேட்டது.

மறுபடி ஒன்று.

இப்போது எதுவும் ஓடவில்லை. செட் நின்றிருந்தது. நிற்கும்போது ஒன்று என்றால் என்ன என்று உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அதில் சந்தேகம் வராது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த வீட்டு வாசலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே நேற்று நடந்து பார்த்தீர்கள்.

நான் செட்டை மறுபடி போட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கச்சேரி ஃபோனில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, தவில் கொஞ்சம் முன்னே போய்விட்டது. நடுவில் விட்டது விட்டதுதான்; அது இன்றும் எனக்கு ஒரு குறை. பிறகும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். கடைசி வரை ஒரு பெல்லைக்கூட அவர் தப்பாக அடிக்கவில்லை. ஆனால் இப்போது செட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது ஒன்று என்றால் நிறுத்து என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

தவில் தனி முடிந்ததும் நிறுத்துவதாகத்தான் இருந்தேன். அதற்குள் லூயிசா அக்கா வந்து கதவைத் தட்டிவிட்டார். நான் தட்டியதில்லை, சார். அப்பா சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை.